ஸ்பானிஷ் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம்: புதிதாக வகுப்பெடுக்கும் ஆசிரியர்களின் கேள்விகள்

இணையம் வழியாக வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு நம்மவர்கள் பலர் வருகிறார்கள். எனக்கு அமைந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, கொலம்பியாக்காரர்கள். மெக்சிகோ சிட்டியில் மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. அந்தக் காலை வகுப்புகளில் கற்றதை வைத்து, புதிய ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே தொடக்கநிலை மாணவர்களைப் பற்றியவை.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. சொல்லித்தர முடியுமா?

முடியும். பேசத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த மொழி எப்படி வாக்கியம் கட்டுகிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை. ஸ்பானிஷில் சரியாக இருக்கும் ஒரு வாக்கியம் ஆங்கில உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அந்த அடி வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம். தமிழருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலம் ஒரு பக்கம் போக, ஸ்பானிஷும் தமிழும் சேர்ந்து மறுபக்கம் நிற்கும் இடங்கள் நிறைய. கீழே அவற்றைச் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் எதிலிருந்து தொடங்குவது?

அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த சொற்களிலிருந்து. எழுத்து வரிசை, நிறங்கள், கிழமைகள் என்று தொடங்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

ஸ்பானிஷ் லத்தீனின் மகள். ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் அதற்குள் வந்தன. பின்னர் அறிஞர்கள் நேராக லத்தீனிலிருந்தும் அள்ளிக்கொண்டார்கள். அதனால் ஸ்பானிஷ் பேசுபவர் ஆங்கிலம் படிக்க வரும்போதே பெரிய சொற்களஞ்சியத்தோடு வருகிறார். அது அவருக்கே தெரியாது.

பலகையில் நான்கு பாதைகளைக் காட்டுங்கள். ‘சியோன்’ என்று முடியும் சொல் ஆங்கிலத்தில் ‘ஷன்’ ஆகும்: ‘இன்ஃபொர்மாசியோன்’ என்பது ‘இன்ஃபர்மேஷன்’. ‘தாத்’ என்று முடிவது ‘ட்டி’ ஆகும்: ‘உனிவெர்சிதாத்’ என்பது ‘யுனிவர்சிட்டி’. ‘ஓசோ’ என்பது ‘அஸ்’: ‘ஃபமோசோ’, ‘ஃபேமஸ்’. ‘மெந்தே’ என்பது ‘லி’: ‘ஃபினால்மெந்தே’, ‘ஃபைனலி’. பிறகு பத்து நிமிடம் கொடுத்து, தெரிந்த ஸ்பானிஷ் சொற்களை அவர்களையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தனக்கு வராது என்று நம்பி வந்த ஐம்பது வயது மனிதர் முதல் நாளே முப்பது சொற்களை எழுதிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு ஈடாக வேறு எந்த முதல் பாடமும் இல்லை.

ஒரே எழுத்தில் எழுதும் சொற்களும் உண்டு: அனிமல், ஹாஸ்பிட்டல், டாக்டர். இவற்றில் கவனிக்க வேண்டியது அழுத்தம். அவர்கள் ‘அனிமால்’, ‘தொக்தோர்’ என்று கடைசி அசையில் அழுத்துவார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசைக்குப் போகிறது.

அப்படியானால் ஏமாற்றும் சொற்களும் இருக்குமே?

இருக்கின்றன. மிகவும் பேர்போனது ‘எம்பராசாதா’. கேட்க ஆங்கில ‘எம்பாரஸ்ட்’ போலவே இருக்கும். பொருளோ கர்ப்பிணி. ‘நான் நேற்று ரொம்ப எம்பாரஸ்ட்’ என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும்.

ஆனால் இந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அன்றாடம் தொல்லை தருபவை சத்தமில்லாமல் வரும். ‘ஆக்துவால்மெந்தே’ என்றால் ‘இப்போது, தற்சமயம்’. அதனால் மாணவர் ‘ஆக்சுவலி ஐ வொர்க் இன் எ பேங்க்’ என்பார். கேட்பவருக்கோ ஏதோ மறுப்புச் சொல்வது போல் படும். ‘ஆசிஸ்தீர்’ என்றால் கூட்டத்துக்குப் போவது. ‘ஐ அசிஸ்டட் த மீட்டிங்’ என்று சொன்னால், கூட்டத்துக்கு உதவி செய்தார் என்று ஆகிவிடுகிறது. வேலைக்கான நேர்காணலில் இவை இரண்டும் கட்டாயம் வரும். அதனால் இவற்றை முதலில் எடுக்கிறேன்.

மருத்துவரிடம் போனால் இன்னொன்று. ஸ்பெயினில் ‘கோன்ஸ்திபாதோ’ என்றால் சளி பிடித்திருப்பது. ஆங்கிலத்தில் அதே ஓசையுள்ள ‘கான்ஸ்டிபேட்டட்’ மலச்சிக்கலைக் குறிக்கும். மருந்தே மாறிப்போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘லிப்ரெரியா’ புத்தகக் கடை, நூலகம் அல்ல. ‘கார்பேதா’ காகிதம் வைக்கும் கோப்பு, கம்பளம் அல்ல. ‘ரோபா’ துணிமணி, கயிறு அல்ல. ‘சோபா’ குடிக்கும் சூப்பு, குளிக்கும் சோப்பு அல்ல. ‘லார்கோ’ நீளம், பெரியது அல்ல. ‘எக்சிதோ’ வெற்றி, வெளியேறும் வழி அல்ல. ‘பாரியெந்தேஸ்’ உறவினர்கள், பெற்றோர் அல்ல.

நாற்பது சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பட்டியலில் பொய் நண்பனும் (ஓசை ஒத்து, பொருள் மாறும் இந்தச் சொற்கள்) உண்மை நண்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இன்னும் குழப்பும். பேச்சில் வரும்போது நிறுத்தி, அவருடைய வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் செய்து கொடுத்தால் போதும்.

‘இஸ் ரெய்னிங்’, ‘இஸ் இம்பார்ட்டன்ட்’ என்று எழுவாய் இல்லாமலே பேசுகிறார்களே?

நமக்கு இது புரியாத விஷயமா? ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லிலேயே ‘நான்’ இருக்கிறது. நம் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது. ஸ்பானிஷும் அப்படியே. வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும், தனியாக ‘யோ’ என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்வதற்கு ‘யுவேவே’ என்று ஒரே சொல்.

ஆங்கிலத்தில் வினை அநேகமாக விகுதியை இழந்துவிட்டது. அதனால் எழுவாயின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆளே இல்லையென்றால் ‘இட்’ என்ற பொம்மையையாவது உட்கார வைக்க வேண்டும். இந்த நாற்காலி உவமையை நான் வகுப்பில் அப்படியே பயன்படுத்துகிறேன். பிழை வரும்போது நாற்காலியைக் கையால் காட்டினால் போதும், அவரே திருத்திக்கொள்வார்.

‘ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்’ எங்கிருந்து வருகிறது?

‘தெங்கோ வெயின்தே ஆன்யோஸ்’ என்பதிலிருந்து. சொல்லுக்குச் சொல் ‘என்னிடம் இருபது வருடங்கள் இருக்கின்றன’. ஸ்பானிஷில் வயது, பசி, தாகம், தூக்கம், பயம், அவசரம் எல்லாமே ஒருவரிடம் இருக்கும் பொருள்கள். ஆங்கிலத்திலோ அவை ஒருவரின் நிலைகள். ஆகவே ‘ஐ ஹேவ் ஹங்கர்’ என்பதற்குப் பதில் ‘ஐ ஆம் ஹங்ரி’. தமிழில் இரண்டுமில்லை, ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம்.

இந்த ‘எனக்கு’ மிகவும் பயன்படும். ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்ற நம் வாக்கியமும் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற அவர்கள் வாக்கியமும் அச்சு அசல் ஒன்று. இரண்டிலும் காபிதான் எழுவாய், பேசுபவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் ‘ஐ’ முன்னால் வந்து நின்றாக வேண்டும். அதனால்தான் சில தொடக்கநிலை மாணவர்கள் ‘காஃபி லைக்ஸ் மீ’ என்பார்கள். நீங்களும் ஒரு காலத்தில் இதே சுவரைத் தாண்டித்தான் வந்தீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். தமிழ் வாக்கியத்தைப் பலகையில் எழுதிக்கூடக் காட்டியிருக்கிறேன். புரியாத எழுத்தில் தங்கள் இலக்கணம் இருப்பதைக் கண்டு அவர்கள் முகம் மலர்வதை நீங்களும் பார்க்க வேண்டும்.

கேள்வி வாக்கியங்களில் ‘டூ’, ‘டஸ்’ ஏன் இவ்வளவு கஷ்டப்படுத்துகின்றன?

ஏனென்றால் அவர்கள் மொழியில் அதற்கு இணையான எதுவுமே இல்லை. ‘நீ ஆங்கிலம் பேசுகிறாய்’ என்பதைக் குரலை உயர்த்திச் சொன்னால் அதுவே கேள்வி. நமக்காவது ‘பேசுகிறாயா’ என்று ஒட்ட ஓர் ‘ஆ’ இருக்கிறது. பேச்சில் அவர்களிடம் அதுவும் கிடையாது.

ஆனால் எழுத்தில் இருக்கிறது! ஸ்பானிஷ் கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழாக ஒரு கேள்விக்குறி போடுவார்கள். ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் இதை விதியாக்கியது. நீண்ட வாக்கியத்தைப் படிப்பவர் முடிவுக்கு வந்த பிறகுதான் அது கேள்வி என்று தெரிந்து திகைக்கக் கூடாது என்பது காரணம். ஆங்கில ‘டூ’ செய்வதும் இதே வேலைதான்: வருவது கேள்வி என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. ‘உங்கள் தலைகீழ்க் கேள்விக்குறியை வாயால் சொல்வதுதான் டூ’ என்று நான் சொல்லித்தருகிறேன். பலகையில் அந்தக் குறியைப் போட்டு, அதை அழித்துவிட்டு அதே இடத்தில் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றில் ஒன்றை எழுதச் சொல்வேன். இரண்டு வாரம் விடாமல் செய்தால் கைவந்துவிடும்.

அடுத்த சிக்கல் ‘டஸ் ஷி வொர்க்ஸ்’. ‘டஸ்’ வந்தால் அந்த ‘ஸ்’ஸை அதுவே எடுத்துக்கொண்டுவிட்டது, வினைக்கு மிச்சமில்லை என்று சொல்லுங்கள்.

‘ஐ டோன்ட் ஹேவ் நத்திங்’ என்பதும் இங்கேயே சேரும். ‘நோ தெங்கோ நாதா’ என்று இரண்டு மறுப்பு வருவது ஸ்பானிஷில் பிழையல்ல, விதி. எழுத்து ஆங்கிலத்தில் ஒன்று போதும்.

அக்காவைப் பற்றிப் பேசும்போது ‘ஹிஸ்’ என்கிறார்கள். ஏன்?

‘சு’ என்ற ஒரே சொல் அவனுடைய, அவளுடைய, உங்களுடைய, அவர்களுடைய எல்லாவற்றுக்கும் பொது. பெண் என்பது தெரியாமல் அல்ல, பிரித்துச் சொல்லும் பழக்கம் இல்லாமல். கூடவே உறவுமுறைகளையும் விசாரியுங்கள். ‘எர்மானோஸ்’ என்பது சகோதரர்களும் ஆகும், சகோதர சகோதரிகளும் ஆகும். ‘ஐ ஹேவ் த்ரீ பிரதர்ஸ்’ என்றால் அதில் இரண்டு அக்காக்கள் ஒளிந்திருக்கலாம். ‘மை ஃபாதர்ஸ்’ என்றால் அப்பாவும் அம்மாவும்.

‘த லைஃப் இஸ் ஷார்ட்’, ‘ஐ ஆம் டீச்சர்’: ஒரு பக்கம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறதே?

பொதுவாகப் பேசும் பெயர்ச்சொல்லுக்கும் ஸ்பானிஷ் ‘லா’, ‘எல்’ போடும், ஆங்கிலம் ‘த’ போடாது. தொழிலைச் சொல்லும்போது ஸ்பானிஷ் ஒன்றும் போடாது, ஆங்கிலம் ‘எ’ போடும். இந்த இரண்டையும் மட்டும் முதலில் திருத்துங்கள். மீதி நுணுக்கங்கள் படிக்கப் படிக்க வரும்.

பன்மை பற்றி ஒரு குறிப்பு. பெயரடையும் பன்மையாவது அவர்கள் வழக்கம் என்பதால் ‘ஒயிட்ஸ் ஹவுசஸ்’ வரும். ‘அட்வைசஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்றும் சொல்வார்கள். இதைத் திருத்துவதற்கு முன் நம் பேச்சையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அச்சடித்த பலகைகளிலேயே ‘ஃபர்னிச்சர்ஸ்’ இருக்கிறது.

‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பதை எப்படித் திருத்துவது?

‘ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’. தமிழிலும் நிகழ்காலம், ஸ்பானிஷிலும் நிகழ்காலம். இன்னும் தொடர்கிறதே, நிகழ்காலத்தில் சொல்வதில் என்ன தவறு என்று மாணவர் கேட்டால் அவர் கேள்வி நியாயமானது. ஆங்கிலம் நேற்றில் ஒரு காலும் இன்றில் ஒரு காலும் வைத்து ‘ஐ ஹேவ் லிவ்ட்’ என்கிறது. காலக்கோடு வரைந்து காட்டுங்கள். கோட்டின் தொடக்கப் புள்ளிக்கு ‘சின்ஸ்’, கோட்டின் நீளத்துக்கு ‘ஃபார்’. ஐந்து வருடம் என்பது நீளம்.

சொல் தேர்வில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்களே?

ஸ்பானிஷில் ஒரு சொல் இருக்கும் இடத்தில் ஆங்கிலம் இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும். அங்கேதான் தடுமாற்றம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ‘எஸ்பெரார்’. காத்திருப்பது, எதிர்பார்ப்பது, நம்பிக்கையோடு விரும்புவது மூன்றும் அந்த ஒரு சொல். பேருந்துக்கு ‘வெய்ட்’, அது எட்டு மணிக்கு வரும் என்று ‘எக்ஸ்பெக்ட்’, உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்று ‘ஹோப்’. ஒரே பேருந்து நிறுத்தத்தில் மூன்றையும் சொல்லித்தந்துவிடலாம்.

‘ஆசேர்’ என்பது ‘டூ’வும் ‘மேக்’கும். ‘தெசீர்’ என்பது ‘சே’வும் ‘டெல்’லும். ‘கானார்’ என்பது ஆட்டத்தில் வெல்வதும் சம்பளம் வாங்குவதும். ‘என்’ என்பது ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றும். ‘தேதோ’ கைவிரலும் கால்விரலும். இந்தக் கடைசி ஒன்று நமக்கும் அப்படித்தான்.

உச்சரிப்பில் எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது?

பொருள் மாறினால் திருத்துங்கள். ஊர் வாசனை மட்டும் வீசினால் விட்டுவிடுங்கள்.

ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே ஐந்து, குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அதனால் ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் அவர்கள் காதுக்கு ஒன்றாகக் கேட்கும். குறிலும் நெடிலும் பழகிய நமக்கு இது ஒரு வரம். இகரத்துக்கு ஒரு சொடக்கு, ஈகாரத்துக்கு இரண்டு சொடக்கு என்று மாத்திரைக் கணக்கைக் கற்றுக்கொடுத்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஆங்கிலத்தில் நாக்கின் நிலையும் சற்று மாறும். ஆனாலும் காது திறக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

‘எஸ்கூல்’, ‘எஸ்பெயின்’ என்று முன்னால் ஓர் ‘எ’ சேர்ப்பார்கள். ஸ்பானிஷ்ச் சொற்கள் ‘ஸ்’ஸோடு ஒட்டிய மெய்யில் தொடங்குவதில்லை: எஸ்பான்யா, எஸ்குவேலா, எஸ்துதியாந்தே. நம் ஊர்ப் பேச்சில் ‘இஸ்கூல்’ என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். அதைக் கேலி செய்து வளர்ந்தவர்கள் நாம். வகுப்பில் அந்தக் கேலியின் சாயல்கூட வரக் கூடாது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு போல நீட்டிப் பிறகு ‘கூல்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் சரியாகும்.

‘பெர்ரி’, ‘வெரி’ இரண்டுக்கும் ஒரே ஒலி கொடுப்பார்கள், ஏனென்றால் ஸ்பானிஷில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றே. மேல் பல்லை உதட்டில் வைக்கக் காட்டுங்கள். கேமராவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரத் தயங்காதீர்கள். ‘வொர்க்ட்’ என்பதை ‘வொர்க்கெட்’ என்பார்கள். ஆங்கில T, D ஒலிகளில் முடியும் வினைகளுக்கு மட்டுமே கூடுதல் அசை வரும் என்ற ஒரு விதி இங்கே போதும்.

‘புட் அப் வித்’, ‘கிவ் அப்’ மாதிரி வினைகளை எப்போது தொடங்குவது?

மெதுவாக. மற்ற மாணவர்களுக்குக் கடினமான சொல் இவர்களுக்கு எளிது, எளிதான சொல் கடினம். ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’ எல்லாம் அவர்கள் வீட்டுச் சொற்கள். ‘புட் அப் வித்’, ‘புட் ஆஃப்’ என்று வந்தால் விழிப்பார்கள். அதனால் தொடக்கநிலையிலேயே அவர்கள் ஆங்கிலம் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கும். அதைக் குறையென்று சொல்லாதீர்கள். ‘கெட் அப்’, ‘சிட் டவுன்’, ‘டர்ன் ஆஃப்’, ‘லுக் ஃபார்’ என்று வீட்டில் தினமும் தேவைப்படும் பத்தைச் செயலோடு சேர்த்துப் பழக்குங்கள். மீதியைப் படிக்கும் கதைகளிலிருந்து எடுக்கலாம்.

எண்களில் கவனிக்க ஏதாவது?

ஒன்று. ஆங்கில ‘பில்லியன்’ 100 கோடி. ஸ்பானிஷ் ‘பியோன்’ ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். கணக்கர், வங்கி ஊழியர் யாராவது மாணவராக வந்தால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவர்கள் என்னை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லச் சொல்லலாமா?

தேவையில்லை. ஸ்பானிஷில் ‘ப்ரொஃபே’, ‘மாயெஸ்த்ரா’ என்று கூப்பிடுவது மரியாதையும் அன்பும் கலந்தது. நாம் ‘சார்’, ‘மிஸ்’ என்று சொல்வது போல. ஆங்கில நாடுகளில் ஆசிரியரைப் பெயரோடு சேர்த்து அழைப்பதே வழக்கம் என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். ஸ்பானிஷில் ‘தூ’, ‘உஸ்தேத்’ என்று நீ, நீங்கள் இரண்டும் உண்டு. எல்லோரையும் ‘யூ’ என்பதில் அவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களிடம் பேசும்போது, ஒரு கூச்சம் இருக்கும். நமக்கு அந்தக் கூச்சம் நன்றாகவே புரியும். ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘ப்ளீஸ்’ ஆகியவற்றைச் சீக்கிரமே கற்றுக்கொடுங்கள். ஆங்கிலத்தில் ‘நீங்கள்’ ஒளிந்திருப்பது அங்கேதான்.

பேசவே தயங்கும் மாணவரை எப்படிப் பேச வைப்பது?

நமக்கும் அவருக்கும் பொதுவான ஒரு பொருளைத் தேடுங்கள். சொற்களிலேயே சில கிடைக்கும். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கட்டமரன்’ ஆகி, அங்கிருந்து ஸ்பானிஷில் ‘கத்தமரான்’ ஆகியிருக்கிறது. எதிர்த்திசையில் வந்தது சப்போட்டா. மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல் ஸ்பானிஷில் ‘சபோத்தே’ ஆகி, கடல் தாண்டி நம் ஊர்ப் பழக்கடைக்கு வந்துவிட்டது.

மூன்று வாரமாக ‘யெஸ்’, ‘நோ’ தவிர எதுவும் பேசாத ஓர் அம்மாள் என் வகுப்பில் இருந்தார். ஒருநாள் காலை கேமரா முன்னால் ஒரு சப்போட்டாவை வெட்டிக் காட்டினேன். ‘சிக்கோசபோத்தே!’ என்றார் சத்தமாக. பிறகு அந்த மரத்தின் பாலிலிருந்துதான் சூயிங்கம் செய்தார்கள் என்பதை, ‘ட்ரீ’, ‘கட்’, ‘மில்க்’, ‘பாயில்’ என்று தெரிந்த சொற்களை ஒன்றொன்றாக அடுக்கி, மீதியைக் கையால் காட்டி, பத்து நிமிடம் நிற்காமல் சொன்னார். எழுவாய் பாதி இடத்தில் இல்லை. நான் ஒரு தடவையும் குறுக்கிடவில்லை. அடுத்த வகுப்புக்கு அவரே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு பழத்தோடு.